அனுப்பி வைக்கும் அரசாங்கம்

சிதம்பரம் பள்ளிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த விளையாட்டு ஆசிரியர் தில்லைநாயகத்துக்கு, பிளஸ் டூ பெலிசியா என்றால் தனிப் பெருமை. ஓட்டத்தில் பையன்களையே பின்னுக்குத் தள்ளுகிறவள். ராணுவ அகாடமியில் பெண்களையும் சேர்க்கிறார்கள் என்று அவர் சொன்னதிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை.

“சார், அங்க வெளிநாட்டுப் பசங்களையும் சேத்துக்குறாங்களாமே, எப்படி?”

“அவுங்க நாட்டு அரசாங்கம் அனுப்பி வைக்கும். அது எதுக்கு ஒனக்கு? நீ கடலூர்ல பொறந்த பொண்ணு. பரீட்சை எழுதி நேரா போ.”

“அனுப்ப யாரும் இல்லன்னா சார்?”

“போயி ஓடு!” என்று சிரித்தார்.

ஆனால் விண்ணப்பிக்கச் சொன்னபோதெல்லாம் அவள் ஏதாவது சாக்குச் சொன்னாள். அப்பாதான் முட்டுக்கட்டை என்று முடிவு கட்டி, அவரை வரச் சொன்னார்.

பெயின்ட் கறை படிந்த சட்டையோடு வந்து நின்றார் மரியதாஸ்.

“பொம்பளப் புள்ளன்னு தடுக்காதீங்க. ஆபீசரா வருவா அவ!” உட்காரக்கூட விடாமல் பொரிந்து தள்ளினார் தில்லைநாயகம்.

மரியதாஸ் தலை நிமிரவில்லை.

“நான் மறிக்கேல்லை சேர். கடலூர் ஆஸ்பத்திரியிலதான் பிறந்தவள். ஆனா நாங்கள் இலங்கை அகதிகள், முகாமில இருக்கிறம். இவளுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை இல்லை. அந்த நாட்டில இவளை ஒருத்தருக்கும் தெரியாது. ஆர் சேர் அனுப்புவினம்?”

தில்லைநாயகம் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மைதானத்தில் பெலிசியா ஓடிக்கொண்டிருந்தாள்.

“அவளுக்கும் தெரியும் சேர். எண்டாலும் ஓடுறாள். நிப்பாட்டச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நீங்கள் சொல்லுங்கோ.”