புதன்கிழமை ரத்தம்

டாக்டர் சபீனா குளிர்பெட்டியைத் திறந்து ஒரு ரத்தப் பையை எடுத்துக் காட்டினார்.

இது யார் கையிலிருந்தும் எடுத்த ரத்தம் இல்லை, முழுக்க இந்த ஆய்வுக்கூடத்திலேயே வளர்ந்தது என்று ஹிந்தியில் சொன்னார்.

பத்மஜா பார்த்தாள். சாதாரண ரத்தம் மாதிரிதான் இருந்தது.

அவள் உடம்பில் ரத்தம் போதிய அளவு ஊறுவதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை ஏற்றியாக வேண்டும். அவளுடையது பாம்பே குரூப் என்ற அபூர்வ ரத்த வகை. ஹைதராபாத் முழுக்கத் தேடியும் அவளுக்குப் பொருந்தியது ஒருவருடைய ரத்தம்தான்.

அவளுடைய அண்ணன் கிருஷ்ணபிரசாத்.

அவன் காஞ்சன்பாக்கில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். இவள் நகரின் இன்னொரு பக்கம், மௌலா அலியில் இருக்கிறாள். கடைசிக் காலத்தில் அம்மா யார் வீட்டில் இருப்பது என்று வந்த சண்டை, அம்மா போன பிறகும் தீரவில்லை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. தீபாவளிக்குக்கூட ஃபோன் கிடையாது.

ஆனால் ரத்தம் கொடுக்க அவன் ஒருமுறைகூட வராமல் இருந்ததில்லை. கொடுத்துவிட்டு, அவளுக்கு ஏற்றி முடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருப்பான். கிளம்பும் முன் கட்டிலருகே வந்து, சாப்பிட்டாயா என்று கேட்பான். அவ்வளவுதான் பேச்சு.

இந்தப் பைகூட அவன் கொடுத்த செல்களிலிருந்து வளர்த்ததுதான். சோதனையெல்லாம் முடிந்துவிட்டது. புதன்கிழமை அவளுக்கு ஏற்ற இதுவே போதும், இனி அவன் வர வேண்டியதில்லை.

பத்மஜா அங்கேயே நின்று அவனுக்கு ஃபோன் செய்தாள். சபீனாவுக்குத் தமிழ் தெரியாது.

"அண்ணா, லேப்ல சரியா வளரலையாம். புதன்கிழமை நீதான் வரணும்."

 மறுமுனையில் தொழிற்சாலை இரைச்சல் கேட்டது.

"ஹவ், வரேன்" என்றான், ஹைதராபாத் வழக்கில் ஆமாம் போட்டு. "நீ வெறும் வயத்தோட வந்து நிக்காதே."

வைத்துவிட்டான்.

சபீனா பையைத் திரும்பக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டே, பேசியது அண்ணனிடமா என்று கேட்டார்.

பத்மஜா தலையாட்டினாள்.

செல் கொடுத்தவர் என்பதால் முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது, நன்றாக வளர்ந்துவிட்டது என்று நேற்றே சொல்லிவிட்டேன் என்றார் சபீனா. இப்போது என்ன சொன்னார் என்று கேட்டார்.

 பத்மஜா கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள்.

வருகிறேன் என்றார் என்றாள்.