இரும்புச்சட்டி என்கிற ஜஹானா

“வணக்கம். என் பெயர் இரும்புச்சட்டி. மலையும் ஆறும் உள்ள ஓர் ஊரில் இருக்கிறேன். பொழுதுபோக்கு: தையல், கேக் ஐசிங், வீட்டுச் சத்தங்களைப் பிடித்து போனிலேயே பாட்டுக் கட்டுவது.”

கட்டுகஸ்தோட்டை ஜஹானா, பாட்டுக் கட்டுகிறவர்களின் இணையக் குழுவில் தன்னை இப்படித்தான் அறிமுகம் செய்துகொண்டாள். வணக்கம் போட்டது வேண்டுமென்றே. ஸலாம் என்று எழுதினால் யாராவது ஊர்க்காரர் மோப்பம் பிடித்துவிடுவார்களே.

அந்தக் குழுவில் எல்லோருக்கும் அப்படித்தான் பெயர். மின்னல் வயர், பழைய ரேடியோ, தூங்காத வௌவால். முகம் தெரியாத அந்தக் கூட்டத்தில் ஜஹானா, இரும்புச்சட்டியில் கரண்டி தட்டும் சத்தத்தைத் தாளமாக்கி, அதன் மேல் எலெக்ட்ரோனிக் இசையை ஓடவிட்டு ஒரு பாட்டைப் போட்டாள். ஒரே பாராட்டு.

போன வருடம் வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனதிலிருந்து அவள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. இந்தப் பாட்டு வேலைதான் அவளை எழுப்பி உட்கார வைத்தது. இப்போதோ தலைகால் புரியாத தைரியம். குழு வெளியிடப்போகிற பாட்டுத் தொகுப்பில் முதல் பாட்டே தன்னுடையதுதான் என்று முடிவுகட்டிவிட்டாள்.

மின்னல் வயர்தான் குண்டைத் தூக்கிப் போட்டது.

“பாட்டு அருமை இரும்புச்சட்டி. ஆனா நடுவில பாண் வண்டி மியூசிக் கேட்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள அது இல்லாமப் பதிஞ்சு அனுப்புங்க. இல்லாட்டி தொகுப்பில சேர்க்க ஏலாது.”

ஜஹானாவுக்கு அழுகையே வந்துவிட்டது. “இந்தப் பாண் வண்டியால எல்லாம் கெட்டுப் போச்சே” என்று தனியாக நின்று வாய்விட்டு ஏசித் தீர்த்தாள்.

ஏசி என்ன பயன்? பாண் ரொட்டி விற்கும் அழகமுத்துவின் ஓட்டோ பின்னேரம் சந்துக்குள் நுழையும்போதே அந்த டிங் டிங் மெட்டு வீட்டுக்கு வீடு புகுந்துவிடும். அவளுக்கு வாய்ப்பதும் அந்தப் பின்னேரம் மட்டும்தான். கணவன் ஹுஸைன் கடையில் இருப்பான். கீழ்மாடியில் ஹுஸைனின் அக்கா ரபீகா மதினி தூங்கிக்கொண்டிருப்பார்.

மதினி தூங்குவது முக்கியம். டீவியில் விளம்பரத்துக்கு மியூசிக் வந்தாலே சத்தத்தைக் குறைக்கிற மனுஷி அவர். மேல்மாடியில் தம்பி பெண்சாதி பாட்டுக் கட்டுகிறாள் என்று தெரிந்தால் அன்றோடு கதை முடிந்தது.

மறுநாள் ஜஹானா அலுமாரியைத் திறந்து, அபாயாக்களுக்கு நடுவே தலை, போன், சட்டி, கரண்டி எல்லாவற்றையும் நுழைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினாள். வெளிச்சத்தம் குறைய அவள் கண்டுபிடித்த ஸ்டூடியோ அது.

பாண் வண்டி மெட்டு வரவேயில்லை. பாதிப் பாட்டு சுத்தமாகப் பதிந்தது. இனி யார் என்னைப் பிடிக்கப்போகிறார்கள் என்ற மிதப்பில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

சந்து முனையில் மதினி. ஓட்டோவை மறித்து, விரலை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அழகமுத்து தலையைத் தலையை ஆட்டினார். பிறகு மதினி ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி, வந்தவர்களிடம் குனிந்து குனிந்து ஏதோ ஓதிவிட்டு நகர்ந்தார்.

ஜஹானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மியூசிக் பிடிக்காவிட்டால் தன் காதைப் பொத்திக்கொள்ளட்டுமே. உழைத்துச் சாப்பிடுகிற மனுஷனின் வயிற்றில் அடிப்பதா? போதாததற்கு அக்கம்பக்கத்தையும் அல்லவா தூண்டிவிடுகிறார்.

இரவுச் சமையலுக்கு மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டுவிட்டாள்.

“மதினி, அந்தப் பாண் விக்கிற மனுசன என்னத்துக்கு மறிச்சீங்க?”

“ஒனக்குத் தேவயில்லாத கத அது.”

“பாவம் மதினி. மியூசிக் போடாட்டி அவருக்கு யாவாரம் எப்பிடி நடக்கும்?”

“அத நான் பாத்துக்கொள்றன். நீ ஒன்ட வேலயப் பாரு.”

அதோடு மதினி வெங்காயத்தோடு திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

ஜஹானாவுக்கு இரவெல்லாம் மனசு கேட்கவில்லை. தொகுப்பாவது மண்ணாவது. தன் பாட்டு நன்றாக வருவதற்காக இன்னொருவர் பிழைப்பு கெடுவதா? அடுத்த நாள் மீதிப் பாட்டைப் பதியாமல் அலுமாரிக்குள்ளேயே போட்டுவிட்டு, சந்து முனைக்கு விறுவிறென்று இறங்கிப் போனாள். அழகமுத்து அப்போதுதான் ஓட்டோவை நிறுத்தியிருந்தார்.

“அண்ணன், எங்கட மதினிக்கு நீங்க பயப்பட வேணாம். மியூசிக்கப் போட்டுக்கொண்டே உள்ளுக்கு வாங்க. யாரும் கேட்டா நான் பேசுறன்.”

அழகமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எனக்கு என்னாங்க பயம் தங்கச்சி? நேத்து முந்தியவிட நல்ல யாவாரம். அந்த அக்காதான் வீடு வீடாப் போயி, பாண் வந்திருக்குன்னு சொல்லி ஆளுங்கள அனுப்பினாங்களே. இன்னைக்கும் போயிருக்காங்க.”

ஜஹானாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“மதினியா? அவங்களுக்கு என்னத்துக்கு இந்த வேல?”

“நானும் அதத்தான் கேட்டேன். ‘மேல எங்கட புள்ள பாட்டுக் கட்டுறா, ஒங்கட வண்டிச் சத்தத்தால அது கெட்டுப் போகுதுண்டு ஏசுறது எனக்குக் கேட்டிச்சி. அவ முடிக்கிற வரைக்கும் சத்தமில்லாம வாங்க’ன்னாங்க.”

“அவங்களுக்கு மியூசிக்கே ஆகாதே அண்ணன்.”

“ஆமா, அதையும் சொன்னாங்க. ‘மியூசிக் எனக்கு ஆகாது தம்பி. ஆனா அவ அழுற சத்தம் அத விட ஆகாது’ன்னாங்க.”