கடைசிப் பதினாறு பக்கங்கள்

அவள் வாசகர் கூட்டத்தில் வாய் திறந்து பேசி நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது.

இப்போது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. பதிப்பாளரின் மேசைக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம், நாவலை எழுதிய சிஸ்டர். முப்பது வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவர். இரண்டு நாவல் வந்த பிறகும் யாரும் அவரை எழுத்தாளர் என்று கூப்பிடுவதில்லை; சிஸ்டர்தான்.

சிஸ்டரின் கையில் சிவப்புப் பேனா. முன்னால், இரண்டாம் பதிப்புக்கான புரூஃப் தாள்கள். மத்தியானம் அச்சுக்குப் போகிறது.

இருநூற்று இருபத்தைந்தாம் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். தாளைத் திருப்பினார்.

“முழுசா ஒரு ஃபாரம் மிச்சம்,” என்றார் பதிப்பாளர். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம். அவரிடம் எழுதுகிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கத்தரிக்கோல். “இதையே நான் சொல்லியிருந்தா என்னை மென்னு தின்னிருப்பீங்க சிஸ்டர்.”

“உங்களுக்குக் காகிதம் மிச்சமாகும். இவளுக்கு என்ன லாபம்? அதான் இவ சொன்னா கேக்கறேன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வரும் பாட்டிலுக்கெல்லாம் தேதி போட்டு, சோதித்து, முடிவை இரண்டு வரியில் எழுதுவாள். நாவல்களுக்கும் அதே பழக்கம்தான். அதற்கென்று தனியாக ஒரு நோட்டு.

இரண்டு வருடமாகக் கூட்டத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் கேட்காததால் எதுவும் சொல்லாமல் எழுந்து போனவள். ஞாயிற்றுக்கிழமை, பேச வேண்டியவர் வரவில்லை. கூட்டத்துக்குத் தன் மாடியைத் தரும் பல் டாக்டர் அவளைப் பார்த்தார்.

“வாயைத் திறம்மா. ஞாயித்துக்கிழமை நான் எதையும் பிடுங்கறதில்ல.”

நோட்டைப் பார்த்தே வாசித்தாள். சமீபத்தில் படித்த நான்கு நாவல்கள்.

முதலாவதில் நாயகன் நானூறு பக்கம் மழையைப் பார்க்கிறான். யாராவது ஜன்னலைச் சாத்தியிருந்தால் நூறு பக்கத்தில் பிழைத்திருப்போம்.

இரண்டாவதில் கொத்தனார், வக்கீல், ஐந்து வயதுக் குழந்தை எல்லோரும் ஒரே ஆளாகப் பேசுகிறார்கள். அந்த ஆளின் படம் பின்னட்டையில் இருக்கிறது.

மூன்றாவது, மூன்று தலைமுறைக் கதை. நடுத் தலைமுறைக்கு மட்டும்தான் உயிர் இருக்கிறது.

சிரித்தார்கள். அவள் சொன்ன ஒன்றுக்கு ஓர் அறை முழுவதும் சிரித்தது அதுதான் முதல் தடவை. குரல் தானாகவே கொஞ்சம் உயர்ந்தது.

நான்காவது, சிஸ்டரின் நாவல். பதினோரு வருடம் பேசாமலிருந்த தங்கையைத் தேடி ஒருத்தி வருகிறாள். வீட்டைக் கண்டுபிடிக்கிறாள். அழைப்பு மணியில் விரலை வைக்கிறாள். சிஸ்டர் சுவரோரமாக உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்திருந்தாள். அதனால்தான் அந்தப் பாராட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

“அந்த இடத்துக்கு மேல ஒரு வார்த்தை வந்தாலும் நாவல் கெட்டுப்போயிடும்.”

சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

படியிறங்கும்போது, கூட்டத்துக்குத் தவறாமல் வரும் பஸ் கண்டக்டர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். “எழுதினவங்க முகத்துக்கு நேராவே கடைசிப் பதினாறு பக்கத்தையும் ஒரே போடா போட்டியேம்மா! உன்னைப் போய்ப் பயந்த சுபாவம்னு சொன்னாங்களே!”

அவள் கையை உருவிக்கொண்டு வேகமாகப் படியிறங்கினாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பதிப்பாளர் போன் செய்தார். அவருடைய பத்திரிகையில் மாதம் ஒரு பக்கம், புதிய நாவல்களைப் பற்றி அவள் எழுத வேண்டும். ‘முகதாட்சண்யம் பார்க்காத வாசகி’ என்று அறிமுகம்கூட எழுதிவிட்டார். மாலைக்குள் அம்மா நான்கு சித்திகளுக்கும் சொல்லிவிட்டாள். ஆய்வகத்தில் இனிப்பு கேட்டார்கள்.

இதை இழக்கத்தான் அவளுக்கு மனம் வரவில்லை.

இருநூற்று இருபத்தொன்பதாம் பக்கத்தில் சிஸ்டரின் பேனா நின்றது.

“இந்த ஒரு பக்கத்துக்கே ரெண்டு வருஷம் ஆச்சு,” என்றார், பொதுவாக. பிறகு அவராகவே, “பரவால்ல. தொப்புள்கொடிய வெட்டாம எந்தப் புள்ளையும் வீட்டுக்குப் போனதில்ல.”

கோடு இன்னும் விழவில்லை.

மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. அவள் ஒவ்வொரு வரியாகப் பிடித்துக்கொண்டு போனாள்.

கதவு திறக்கிறது. தங்கைக்கு அடையாளம் தெரியவில்லை. தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவள் என்று நினைத்து, மாடிப்படிக்கு அடியில் கையைக் காட்டுகிறாள். அக்கா மறுக்கவில்லை. குனிந்து உட்கார்ந்து, மீட்டரில் இருக்கும் எண்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறாள். தங்கை காலண்டரின் ஓரத்தில் குறித்துக்கொள்கிறாள். நான்காவது எண்ணில், குரலைக் கேட்டு, தங்கையின் பென்சில் நிற்கிறது.

அடுத்த வரி சிஸ்டரின் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது.

அழைப்பு மணியில் விரலை வைத்ததோடு கதையை விட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் எழுந்து போகலாம். இதை எழுதியவர் எழுந்து போகவில்லை.

பேனா தாளைத் தொட்டது.

“கையைக் கொஞ்சம் எடுங்க சிஸ்டர்.”

அவளுடைய குரல்தான். பதிப்பாளர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

“என்னம்மா? நீ படிச்ச பக்கந்தானே?”

“இல்ல சிஸ்டர். என் புத்தகத்துல இருநூத்தி இருபத்துநாலாம் பக்கத்துக்கு அடுத்து அட்டைதான் இருக்கு. இத நான் இப்பத்தான் படிக்கறேன்.”