எவன்கிட்ட இருந்து வந்தது?

மலேசியாவின் செமோர் ஊர் கிளினிக்கில், சுகுமாரன் தன் மனைவி துளசியின் ரிப்போர்ட்டைத் தாதியின் மேசையில் வீசினான்.

“எச்.பி.வி. கிருமி இருக்குன்னு போட்டிருக்கு. இவளுக்கு எப்படி வந்துச்சு மிஸ்ஸி?”

“தாம்பத்திய உறவு மூலமாத்தான் அண்ணே. பயப்படாதீங்க, இது புற்றுநோய் இல்ல. ஆனா இந்தக் கிருமியால பின்னால கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரலாம்; சோதிச்சுப் பார்த்தா, வராமலே தடுத்துரலாம்.”

சுகுமாரன் மனைவியின் பக்கம் திரும்பினான். “ஏழு வருஷமா உத்தமி வேஷம் போட்டியா? எவன் அவன்?”

“ஆம்பளைங்க உடம்புல வருஷக்கணக்கா தெரியாமலே இருக்கும் அண்ணே” என்றார் தாதி.

“என் உடம்புலயா? வருஷா வருஷம் காவடி எடுக்கிறவன் நான்! நல்ல பொம்பளைக்கு எதுக்கு இந்த டெஸ்ட்? மடியில கனம் இருக்கப்போய்த்தானே எனக்குத் தெரியாம வந்தா?”

துளசி கைப்பையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்துத் தாதியிடம் நீட்டினாள்.

“போன மாசம் அலமாரிய ஒதுக்கும்போது கிடைச்சது மிஸ்ஸி. இவரோட மூத்த சம்சாரத்தோட சாவு சர்ட்டிபிகேட். மாரடைப்புல போயிட்டாங்கன்னு சொல்லித்தான் என்னைக் கட்டினாரு.”

தாதி படித்தார். இறப்புக்குக் காரணம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்.



“அந்த அக்காவுக்கு எவன்கிட்ட இருந்து வந்துச்சுன்னு இவரையே கேளுங்க மிஸ்ஸி” என்றாள் துளசி.