வண்டிச் சத்தம்

அரியலூர் மாதா கோயில் மைதானத்தில் மாலை வெயில் சுவரோரமாகச் சாய்ந்து கிடக்கிறது. கராத்தே வகுப்பு முடிகிற நேரம். வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் முழந்தாளிட்டுக் குதிகால்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். பகலில் அவர்களுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிற ஜெனிதாவும் அதே உடுப்பில் நடுவே இருக்கிறாள். “கண்ண மூடிக்கங்க. மூச்ச மட்டும் கவனிங்க,” என்கிறார் மாஸ்டர் கலைச்செல்வன், அவளைவிட வயதில் இளையவர். அவளுக்கு உதைக்க வந்துவிட்டது, தடுக்க வந்துவிட்டது. கண்ணை மூடி உட்காரத்தான் இன்னும் வரவில்லை. மூடுகிறாள். முழந்தாளிட்ட பழக்கத்தில் உதடுகள் தாமாகச் செபமாலையைத் தொடங்க, கடித்து நிறுத்துகிறாள். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று தரை அதிரக் கடந்து போகிறது. பிள்ளைகள் நெளிகிறார்கள், அவள் அசையவில்லை. அந்தப் புழுதி அடங்குவதற்குள் ஒரு பைக் வந்து சுவருக்கு அப்பால் வேகம் குறைகிறது. அவள் கை சட்டென்று கழுத்துக்குப் போய்விடுகிறது. போன தவக்காலத்தில், சிலுவைப்பாதை முடிந்து நடந்து வந்தவளின் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனவர்களும் பின்னால் வந்து இப்படித்தான் வேகம் குறைத்தார்கள். இப்போது விரல்களில் தட்டுப்படுவது மஞ்சள் கயிறு.

“கைய எறக்குங்க டீச்சர். யாரோ புள்ளயக் கூப்பிட வந்திருக்காங்க.”

“தெரியுதுங்க மாஸ்டர்,” என்கிறாள், கண்ணைத் திறக்காமலே.

கை மெல்ல இறங்குகிறது. மடிக்குப் போகவில்லை. முதல் நாள் சொல்லிக்கொடுத்தபடி இடுப்போரம் வந்து, விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, முஷ்டியாக நிற்கிறது.