ஒட்டுத் துணி

பூவம்மாள் அன்றைக்கு மகளின் ரவிக்கைக்கு முழங்கை வரை ஒட்டுத் துணி வைத்துத் தைத்திருந்தாள்.

ரவிக்கை ஒரு பச்சை, ஒட்டு வேறொரு பச்சை. ஆவணிப் புழுக்கத்தில் பார்க்கிறவர்களுக்கே வியர்த்தது. இருந்தால் என்ன, இடது கையில் அம்மை குத்தின தழும்பு இரண்டும் மறைந்துவிட்டதே!

எல்லாம் இந்தச் செங்கமலம் தேடிக்கொண்ட வினை. தை மாதம் மாமனோடு பட்டணம் போகப் புதுவாயலில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். அங்கே கார்ப்பரேஷன் ஆட்கள் மேஜை போட்டு, பட்டணத்துக்கு வருகிற சனத்துக்கெல்லாம் அம்மை குத்தி அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். மாமன் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, இந்த மகராசி தானே போய்க் கையை நீட்டினாளாம்.

"கல்யாணம் ஆவவேண்டிய உடம்புல ஓட்டை போட்டுக்கினு வந்து நிக்கிறியேடி" என்று பூவம்மாள் புலம்பாத நாளில்லை. ஆரணி, புதுவாயல் பக்கமெல்லாம் பெண்ணுக்கு ஒரு மறு இருந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வந்த இரண்டு வரனும் அப்படித்தான் போனது.

இது பட்டணத்து வரன். கேட்காமலே தேடி வந்தது. மாப்பிள்ளை குப்புராஜுக்குக் கார்ப்பரேஷனில் உத்தியோகம். அவனும் அவன் அம்மா மணியம்மாளும் கூடத்துப் பாயில் உட்கார்ந்து சொஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மணியம்மாள் பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொண்ணுக்கு அம்மை குத்தி இருக்கா?"

எந்தப் பாவி போட்டுக் கொடுத்தானோ! பூவம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஐயையோ, அதெல்லாம் எங்க வழக்கத்துலயே கிடையாதுங்க. உடம்புல ஒரு மறு இல்ல."

மணியம்மாள் தட்டைக் கீழே வைத்தாள்.

"எங்களுது ஒண்டுக் குடித்தனம்மா. ஒரு ஊட்டுக்கு வந்தா பத்து ஊட்டுக்கும் வரும். குத்தாம உட்டுத்தான் என் பெரிய பொண்ணை வாரிக் குடுத்தேன். வழக்கம் இல்லேன்றவங்க கிட்ட நான் பொண்ணு எடுக்க மாட்டேன்."

எழுந்தே விட்டாள்.

பூவம்மாள் வசமாக மாட்டிக்கொண்டாள். இருக்கிறது என்றால் பொய்க்காரி. இல்லை என்றால் வரன் போச்சு. ரவிக்கையைத் தைத்ததற்கு இந்த வாயைத் தைத்திருக்கலாம். ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது.

செங்கமலம்தான் பதறவே இல்லை. போகிற பெரியவர்களை விழுந்து கும்பிட வேண்டாமா? குனிந்து மணியம்மாளின் காலைத் தொட்டாள். தொட்டதும் ஒட்டுத் துணி கழன்று வளையல் மாதிரி மணிக்கட்டுக்கு இறங்கி வந்தது.

மணியம்மாள் இரண்டு தழும்பையும் விரலால் தடவிப் பார்த்தாள். அப்படியே மறுபடி உட்கார்ந்து, தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா நீ, இதைப் போயி மறைச்சிக்கினு!"

வீட்டில் எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் செங்கமலத்தின் அப்பா மணவாளனுக்கு, முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய ஒன்று ஞாபகம் வந்தது. கார்ப்பரேஷனில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

"அம்மை குத்துற வேலைதான்" என்றாள் மணியம்மாள், வாயில் சொஜ்ஜியோடு. "தை மாசம் பூரா புதுவாயல்லதான் கெடந்தான்."

பூவம்மாள் மகளின் மணிக்கட்டிலிருந்து ஒட்டுத் துணியை உருவிப் பார்த்தாள். இரட்டை நூல் போட்டுத் தைத்தது, தானாக விட்டுப்போகிற தையல் இல்லை. சுற்றிலும் நூல் கத்தரியால் நறுக்கினது போலிருந்தது.

நிமிர்ந்தாள். செங்கமலம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குப்புராஜும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில்தான் மெழுகின தரை. அதில் அப்படி என்னதான் இருந்ததோ, இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.