குளோசப்பில் இளவரசர்

விளக்கை அணைத்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இன்றைக்கு அவன் தப்பவே முடியாது.

அவன் என்றால் இளவரசர் காசிமிர். வருகிற சனிக்கிழமை என் தங்கை நோராவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன்.

ஊமைப்பட ஸ்டூடியோவில் எனக்கு இரண்டு வேலை. படத்தின் நடுநடுவே வரும் எழுத்து அட்டைகளை எழுதுவது ஒன்று, அன்றன்றைக்கு எடுத்த காட்சிகளைத் திரையில் ஓட்டி ரஷ் பார்ப்பது இன்னொன்று. கேமராவில் சத்தம் ஏறாது என்ற தைரியத்தில் நடிகர்கள் காதல் காட்சியில்கூடக் கெட்ட வார்த்தை பேசித் தொலைக்கிறார்கள். என்னைப்போலக் காது கேளாதவர்கள் கொட்டகையில் உட்கார்ந்து உதட்டைப் படித்துவிட்டு, காறித் துப்பாத குறையாகக் கடிதம் எழுதுகிறார்கள். அதனால் படம் வெளியே போகுமுன் எல்லா உதடுகளையும் நான் படித்தாக வேண்டும்.

ஒன்பது வயதில் காய்ச்சலோடு போன காது. கண்ணை மட்டும் தீட்டி வைத்திருக்கிறேன்.

நோரா அவனை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முழுக் கோழி சுட்டேன். மறுநாள் ஸ்டூடியோ முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். டைரக்டர் லன்ட் அந்த வாரமே அவனைக் கதாநாயகனாகப் போட்டுவிட்டார். ஓட்டல் சர்வர் வேஷத்தில் வந்து ஒரு பெண்ணைக் காதலிக்கும் இளவரசன் கதை. நிஜ இளவரசரே நடிக்கிறார் என்று போஸ்டரும் அடித்தாகிவிட்டது.

சந்தேகம் பிறகுதான் வந்தது.

கூட்டக் காட்சிகளில் நிற்கிற ரஷ்யர் ஒருவர் சாப்பாட்டு மேஜையில் என்னிடம் உப்புக் கேட்டார். நாலு தடவை கேட்ட பிறகுதான் உப்பு என்று புரிந்தது. வெளிநாட்டுக்காரர்கள் நம் பாஷையைப் பேசினால் உதடு வேறு மாதிரி போகும், எனக்குப் பாதி பிடிபடாது. காசிமிர் பேசியதில் ஒரு சொல்லைக்கூட நான் தவறவிட்டதில்லை. ஊரையே மயக்கியது அவனுடைய அந்நிய உச்சரிப்பாம். என்னிடம் அது பலிக்குமா?

அட்லஸை எடுத்துத் தேடினேன். அவன் நாடு எந்தப் பக்கத்திலும் இல்லை. கேட்டால், போர் முடிந்ததும் பக்கத்து நாட்டோடு சேர்த்துவிட்டார்களாம். தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டியால் சுற்றி வழித்துச் சாப்பிடுகிறான். எந்த அரண்மனையில் அப்படிச் சாப்பிடுகிறார்கள்?

நோராவிடம் சொன்னேன். சிரித்தாள். பாவி, இவள் கண்ணை நன்றாகக் கட்டிவிட்டான் என்று வயிறு எரிந்தது. அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது. வளர்த்தவள் நான். எவனோ ஒரு பித்தலாட்டக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா?

ஒரு மாதமாக அவன் என்னிடம் ஏதோ சொல்ல வருவான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என்னிடம் யாருடைய பேச்சையும் முடிக்க அது போதும்.

திரையில் மட்டும் அப்படிச் செய்ய முடியாது. அங்கே பார்ப்பதுதான் என் வேலை.

நடிக்கிற மும்முரத்தில் எப்போதாவது வாய் உளறும். ஒரு சொல் கிடைத்தால் போதும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் லன்டிடம் சொல்லிவிடுவேன். போலி என்று தெரிந்தால் மனிதர் அவனை இன்று மாலையே வெளியே தள்ளிவிடுவார். சனிக்கிழமைக் கல்யாணமும் அதோடு சரி.

குளோசப் வந்தது. சர்வர் உடையில் இருப்பவன் தன் காதலியிடம் உண்மையைச் சொல்லும் கட்டம். அதற்கான அட்டையில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: நான் சர்வர் இல்லை, இளவரசன்.

குளோசப்பில் கேமராதான் காதலி. நேரே பார்த்தான். தொண்டை அசையவே இல்லை. குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்திருக்கிறான். நடிப்பவர்களுக்கு உணர்ச்சி வரப் பக்கத்தில் நின்று பிடில் வாசித்தவனுக்குக்கூட ஒன்றும் கேட்டிருக்காது.

"ஹெட்டி அக்கா, இங்கயாவது மூஞ்சியத் திருப்பாமப் பாருங்க. நான் இளவரசன் இல்ல. நம்ம நாட்டு டொலீடோவுல பேக்கரி வச்சிருக்கறவர் மகன். பேரு எல்மர்."

மாட்டினான். இருட்டில் என் கை லன்டின் முழங்கையைப் பிடித்தது.

அவன் உதடு நிற்கவில்லை.

"நோராவுக்கு மொதல்லேருந்தே தெரியும். அவ சொல்லித்தான் இந்த வேஷமே. பொண்ணு கேட்டு வந்த ரெண்டு பேர நீங்க வாசல்லயே நிக்க வச்சுத் திருப்பி அனுப்பிட்டீங்களாம். ராஜா வீட்டுப் பிள்ளையா இருந்தாதான் எங்கக்கா கதவத் தொறப்பான்னு அழுதா. இது ஸ்டூடியோ வரைக்கும் போகும்னு நாங்க நெனைக்கவேயில்ல."

அனுப்பியது உண்மை. ஒருவன் பால்வண்டி ஓட்டினான். இன்னொருவன் குழாய் ரிப்பேர் செய்கிறவன். நல்ல பிள்ளைகள்தான். என் தங்கைக்கு இவ்வளவுதானா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை.

அவள் அழுதது எனக்குத் தெரியாது. பக்கத்து அறையில் யாராவது அழுதால் எனக்கு எப்படிக் கேட்கும்?

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

விளக்கைப் போட்டார்கள். லன்ட் என் முகத்துக்கு நேரே திரும்பி, எதற்குக் கையைப் பிடித்தாய், ஏதாவது தப்பாகப் பேசிவிட்டானா என்று கேட்டார்.

இல்லை, அட்டையில் இருப்பதைத்தான் சொல்கிறான் என்றேன்.

அட்டையில் ஒரு வரிதானே இருக்கிறது, இவன் இத்தனை நேரம் வாயசைக்கிறானே என்றார்.

"ராஜ பரம்பரை சார். ஒரு வார்த்தைய ஒம்பதா இழுத்துத்தான் பேசுவாங்க. எங்க வீட்டு மாப்பிள்ளைய எனக்குத் தெரியாதா?"